ஆர்லிஸ் செய்த முந்நூறு தொப்பிகள்

எங்கள் ஊரில் பள்ளி முடிக்கிற பிள்ளைக்கு வைக்கிற கிராஜுவேஷன் விருந்தன்று பிள்ளையின் அம்மா தட்டைத் தொடக் கூடாது. சட்டமா என்றால் சட்டமில்லை. தொட்டுப் பாருங்கள், தெரியும். ஜூன் மாதத்துச் சனிக்கிழமைகளில் தெருவுக்கு இரண்டு வீட்டில் காரை வெளியே தள்ளி, கராஜ் கதவைத் தூக்கி வைத்து, மடக்கு மேஜைகளைப் போட்டு, பள்ளிக்கூடத்து நிறமான பச்சையிலும் மஞ்சளிலும் தோரணம் கட்டியிருப்பார்கள். அம்மாக்காரி புது உடுப்பில் கராஜ் வாசலில் நின்று வருகிறவர்களைக் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை. தட்டு நிரப்புவது, ஐஸ் கொட்டுவது, குப்பைப் பையைக் கட்டுவது எல்லாம் அவளுடைய சிநேகிதிகள் பாடு. இந்த வருடம் உன் வீட்டில் நான், இன்னொரு வருடம் என் வீட்டில் நீ. அன்றைக்குத் தட்டும் கையுமாக நிற்கிறவளை யாரும் அம்மா என்று நினைக்க மாட்டார்கள்.

ஆர்லிஸ் பதினோரு வருடம் மற்றவர்கள் வீட்டுத் தட்டைத் தூக்கினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். ஐம்பத்து நாலு வயது, தடித்த முழங்கை, எப்போதும் வலையில் அடங்கிய தலைமுடி. அடுப்பு மூட்டாமல் செய்கிற விருந்துத் தீனிகளில் அவளை அடித்துக்கொள்ள விஸ்கான்சினில் ஆள் கிடையாது என்று நாங்கள் அடித்துச் சொல்வோம். வேர்க்கடலை வெண்ணெய் வைத்த சின்னச் சாக்லேட் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் தலையில் சதுரச் சாக்லேட் ஒன்றை ஒட்டி, நடுவில் ஒரு பொத்தான் மிட்டாயும் மஞ்சள் மிட்டாய்க் கயிற்றில் ஒரு குஞ்சமும் வைத்தால் பட்டதாரித் தொப்பி. மெல்லிய ரொட்டியில் பாலாடைக்கட்டியைத் தடவி, பன்றி இறைச்சித் தாளை வைத்துச் சுருட்டி, வெங்காயத்தாளால் கட்டினால் பட்டயச் சுருள். கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் செய்தால் குஞ்சம் சரிந்து தொப்பி குடிகாரன் மாதிரி நிற்கும். அவள் செய்தால் நிமிர்ந்து நிற்கும். ஏப்ரல் பிறந்ததும் அவளுக்குப் போன் மேல் போன் போகும்.

அவள் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அவள் மனதில் ஒரு ஆசை இருந்தது. டாரின் பள்ளி முடிக்கிற வருடம் வரும். அன்றைக்கு நாங்களெல்லாம் வந்து தட்டைத் தூக்குவோம், அவள் வாசலில் நிற்பாள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

டாரின் அவள் பெற்ற பெண் இல்லை. பால் லாரி ஓட்டுகிற டுவேனை ஆர்லிஸ் நாற்பத்து மூன்று வயதில் கட்டிக்கொண்டபோது அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. பெற்றவள் ஷானா, அதற்கு முந்தைய வருடம் நீச்சல்குளம் கட்டுகிற ஒருவனோடு அரிசோனா போய்விட்டாள். எங்கள் ஊரில் வருடத்தில் ஆறு மாதம் பனி. நீச்சல்குளம் கட்ட அவன் ஏன் இங்கே வந்தான் என்பது யாருக்கும் விளங்கவில்லை. போனவள் ஒரு வரி எழுதவில்லை, ஒரு போன் போடவில்லை.

டாரினின் பிறந்தநாள் ஜனவரியில். எட்டு வயது ஆகப்போகிற அந்த வாரம் முழுக்க, பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியதும் அந்தக் குழந்தை வீட்டுக்குள் வராமல் தபால் பெட்டியண்டை போய் நிற்கும். முழங்கால் அளவு பனி. கையுறையைக் கழற்றிவிட்டு பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவும். ஐந்து நாள் பார்த்தாள் ஆர்லிஸ். ஆறாவது நாள் தாங்கவில்லை. கடைக்குப் போய் ஒரு வாழ்த்து அட்டையை வாங்கி, தன் கையெழுத்து தெரியாதபடி இடது கையால் நாலு வரி எழுதி, கீழே 'அம்மா' என்று போட்டாள். சமையலறையில் கூட வேலை பார்க்கிற பெவ்வின் அக்கா குளிர்காலத்தில் அரிசோனாவில் போய் உட்கார்ந்துகொள்கிறவள். அவளுக்கு அனுப்பி, அங்கிருந்து தபாலில் போடச் சொன்னாள். அங்கத்து முத்திரையோடு அட்டை வந்தது. ஒரே ஒரு வருடம் என்றுதான் நினைத்தாள். குழந்தை அந்த அட்டையைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியதைப் பார்த்த பிறகு எப்படி நிறுத்துவது? எட்டிலிருந்து பதினெட்டு வரை பதினோரு அட்டை. டுவேனுக்குக்கூடத் தெரியாது. பெவ்வுக்கும் அவள் அக்காவுக்கும்தான் தெரியும்.

அந்த அட்டைகளைப் படித்துப் படித்து வளர்ந்த பெண்ணுக்கு, தூரத்தில் இருக்கிற அம்மா தேவதையாகவும், பக்கத்தில் சோறு போடுகிறவள் வெறும் ஆர்லிஸாகவும் ஆகிப்போனார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து மதிய உணவு வரிசையில் டாரின் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. தட்டை நீட்டுவாள், எங்கேயோ பார்ப்பாள், நகர்ந்துவிடுவாள். அடுத்து நிற்கிற பிள்ளைகள்கூட நன்றி சொல்வார்கள்.

இந்த மார்ச்சில் டாரின் ஷானாவை இணையத்தில் தேடிப் பிடித்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டில் சொன்னாள்.

"அம்மா பார்ட்டிக்கு வரா. நான் கூப்பிட்டேன். கார்டுக்கெல்லாம் தேங்க்ஸ் சொன்னேன். 'பெத்தவ மறப்பாளா கண்ணு'ன்னா."

டுவேன் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஆர்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வரட்டும். நல்லதுதானே" என்றாள்.

"அப்புறம் இன்னொண்ணு, ஆர்லிஸ். பார்ட்டிக்கு எதுவும் சமைக்காதீங்க. பொரிக்கிறது, வேகவைக்கிறது எதுவும் வேண்டாம். வீடு பூரா ஸ்கூல் கிச்சன் வாசனை அடிச்சா எனக்குச் செத்துரலாம்போல இருக்கும். அந்தத் தொப்பி, சுருள், அது மாதிரி ஏதாவது பண்ணுங்க, போதும்."

"சரி" என்றாள் ஆர்லிஸ். அந்தப் பெண் அவளிடம் அதுவரை ஒன்றைச் செய்து தரும்படி கேட்டதே இல்லை. அதனால் அவள் முகத்தில் சந்தோஷம்கூட இருந்தது. என்ன சொல்வது இந்த ஜென்மத்தை!

விருந்துக்கு முந்தைய நாள் பிற்பகலில் பெவ் வந்தாள். இருவரும் கையுறை மாட்டிக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள். பச்சைத் திராட்சையும் மஞ்சள் சீஸ் கட்டியும் மாறி மாறிக் குச்சியில் ஏறின. தொப்பிகள் வரிசை வரிசையாக எழுந்தன. முந்நூறு.

"அடியே, நான் கேக்கிறேன்னு கோவிச்சுக்காத" என்றாள் பெவ். "அந்த மினுக்கி வந்து நிக்கப்போறா. உன் கார்டையெல்லாம் தன்னோடதுன்னு ஏத்துக்கிட்டா. நீ இன்னும் வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருக்கே. சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா அந்தப் பொண்ணுக்கு என்ன மிச்சம் இருக்கும், பெவ்?"

"நீ இருப்பே."

"நான் எங்க போயிடப்போறேன். நான் இருக்கிறது அவளுக்குத் தெரிஞ்சதுதானே."

"உன்னையெல்லாம் என்ன ரகத்துல சேக்கிறது! சரி, நாளைக்கு வாசல்ல யாரு நிக்கிறது?"

ஆர்லிஸ் ஒரு குஞ்சத்தை நேராக்கினாள். "நானும் டுவேனும்தான். அவங்க விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போவாங்க. நீலத்துல ஒரு கவுன் எடுத்திருக்கேன். காட்டவா?"

பெவ் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு கராஜ் கதவு தூக்கப்பட்டது. ஆர்லிஸ் நீலக் கவுனில், முடியை வலையிலிருந்து விடுதலை செய்து, டுவேன் பக்கத்தில் நின்றாள். வந்தவர்களைக் கட்டிக்கொண்டாள். "நாள் எப்படி ஓடிப்போச்சு பாத்தியா" என்று எல்லா அம்மாக்களும் சொல்கிற அதே வார்த்தையை அவளும் சொன்னாள். ஆசை தீர நாலைந்து தடவை சொன்னாள். பெவ்வும் நாங்கள் இரண்டு பேரும் உள்ளே தட்டுகளைக் கவனித்தோம். இருபது நிமிடம் போயிருக்கும்.

வெள்ளை நிற வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. ஷானா இறங்கினாள். வெயிலில் வறுத்த தோல், வெள்ளைக் கால்சட்டை, நாலு விரலில் மோதிரம். டாரின் ஓடினாள். அவள் அப்படி ஓடி நாங்கள் பார்த்ததில்லை. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கராஜில் இருந்தவர்கள் தங்கள் காகிதத் தட்டுகளை உற்றுப் பார்த்தார்கள்.

டாரின் அம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தாள். வாசலில் ஏற்கெனவே ஒருத்தி நிற்கிறாளே. ஒரு நொடி மூன்று பெண்களும் நின்றார்கள். டாரின் சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்:

"ஆர்லிஸ், உள்ள தொப்பி தீரப்போகுதுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?"

தொப்பி தீரவில்லை. உள்ளே ஆறு தட்டு முழுசாக இருந்தது. அது ஆர்லிஸுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரியும். டுவேன் இருக்கிறானே, அந்த மகானுபாவன், தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தான். பால் எவ்வளவு கெட்டுப்போனது என்று முகர்ந்தே சொல்வான். கண்ணெதிரே பெண்டாட்டியை ஒதுக்குவது மட்டும் அவன் மூக்குக்கு எட்டாது.

"சரி, பாக்கிறேன்" என்று ஆர்லிஸ் உள்ளே வந்தாள்.

"தீரலையேடி!" என்று பெவ் கத்தினாள். "வெளிய போ நீ! போய் நில்லு!"

"கத்தாத, பெவ். ஜனங்க இருக்காங்க."

அவள் அலமாரியைத் திறந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். நீலக் கவுனின் மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். தட்டைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குள் போனாள். அதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தொப்பியை எடுத்துக்கொண்டு, "ரொம்ப அழகா இருக்கு, ஆர்லிஸ்" என்று அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்கள். அன்றைக்கு நாங்கள் அவள் முகத்தைப் பார்க்காததற்கு எங்களுக்கு மன்னிப்பு கிடையாது.

ஷானாவிடமும் தட்டை நீட்டினாள்.

"ஐயே, என்ன அழகு! யாரு செஞ்சது?"

"ஆர்லிஸ்தான்" என்றாள் டாரின். "ஸ்கூல் கிச்சன்ல வேலை பாக்கிறாங்க. எல்லார் வீட்டு பார்ட்டிக்கும் செஞ்சு குடுப்பாங்க."

பொய் என்று ஒரு சொல்லைக்கூட எடுத்துக் காட்ட முடியாது. ஆர்லிஸ் அடுத்தவரிடம் நகர்ந்தாள்.

எல்லா விருந்திலும் பிள்ளையின் படங்களை ஒட்டிய ஒரு பலகை வைப்பார்கள். ஆர்லிஸ் ஒரு செருப்புப் பெட்டி நிறையப் படங்களைக் கொடுத்திருந்தாள். பலகையில் அவள் எடுத்த படங்கள் இருந்தன. அவள் இருந்த படம் ஒன்றுமில்லை. நட்டநடுவில், தங்க நிற ஊசிகள் குத்தி மூடியபடி, பதினோரு வாழ்த்து அட்டைகள். மேலே பெரிய எழுத்தில் 'என் அம்மாவிடமிருந்து'. தட்டோடு அதைக் கடந்து போனபோது ஆர்லிஸ் நிற்கவில்லை. சமையலறைக்கு வந்துதான் மூச்சே விட்டாள்.

இரண்டு மணி சுமாருக்கு பெவ்வும் நாங்களும் ஐஸ் மூட்டை இறக்கப் பின்பக்கம் போனோம். அந்தச் சமயம் பார்த்து ஷானா சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"நீங்கதானே எழுதினது?"

ஆர்லிஸ் காலித் தட்டில் தொப்பிகளை அடுக்கினாள்.

"பெரிய உபகாரம். சத்தியமா. நான் அப்போ ரொம்ப மோசமான நிலைமையில இருந்தேன், உங்களுக்கு எங்க தெரியப்போகுது" என்றாள் ஷானா. பேசிக்கொண்டே ஒரு தொப்பியை எடுத்து வாயில் போட்டாள். "இப்போ சட்டுனு ஒண்ணு சொல்லுங்க. ஏதோ நாய் செத்துப்போச்சாமே, பெப்பரோ என்னவோ. பன்னண்டு வயசுல. அந்த வருஷம் நான் என்ன எழுதினேன்? அவ டீச்சருங்க எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுக்கிட்டு, 'அம்மா, நீயே சொல்லு'ங்கிறா. கார்டு ஊசி குத்தி மூடியிருக்கு, பாக்க முடியல. மெல்ல நழுவி வந்தேன். சீக்கிரம் சொல்லுங்க."

ஆர்லிஸுக்கு அந்த அட்டை எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது. பள்ளிக்கூட வாகன நிறுத்தத்தில், காருக்குள், இடது கை குளிரில் விறைக்க எழுதியது. மூன்று வாரமாக அந்தப் பெண் சாப்பிடாமல் கிடந்தாள். அந்த அட்டை வந்த அன்றைக்குத்தான் எழுந்து வந்து சூப் குடித்தாள். சூப்பை வைத்துக் கொடுத்தவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நின்று யோசிக்கவெல்லாம் இல்லை ஆர்லிஸ். பதினோரு வருடத்து எரிச்சல் வயிற்றிலிருந்து நேராக வாய்க்கு வந்துவிட்டது.

"நாய்தானே, விட்டுத்தள்ளு, வேற ஒண்ணு வாங்கித் தரேன்னு எழுதியிருந்தது" என்றாள்.

"அப்பாடா, அவ்வளவுதானா?" என்று ஷானா விரலை நக்கிக்கொண்டு வெளியே போனாள்.

ஆர்லிஸ் கதவோரம் நின்றாள். கராஜில் ஷானாவின் குரல் கணீரென்று கேட்டது. "நான் என்ன எழுதினேன்னா, அது நாய்தானே கண்ணு, விட்டுத்தள்ளு, அம்மா வேற ஒண்ணு வாங்கித் தரேன்!" அவள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த அட்டையில் இருந்ததை டாரின் ஒரு தடவை பள்ளி மேடையில் வாசித்திருக்கிறாள். ஆசிரியர்கள் கேட்டு அழுதிருக்கிறார்கள்.

ஆர்லிஸுக்கு அந்த நொடியில் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஷானா சமையலறைக்குள் போய் வந்ததை டாரின் பார்த்திருந்தாள். பலகையிலிருந்து ஒரு அட்டையைப் பிடுங்கினாள். பிறகு இன்னொன்று. அவற்றைப் பிடித்தபடி சமையலறைக்குள் வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"பெப்பர் செத்தப்போ வந்த கார்டுல என்ன எழுதியிருந்துச்சு? நீங்க சொல்லுங்க."

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அட்டைகளைப் பற்றி அவளிடம் யாரும் பதினோரு வருடமாக ஒரு கேள்வி கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்கிறார்கள், அதுவும் அந்தப் பெண் கேட்கிறாள். ஆர்லிஸ் சொன்னாள்.

"'ஒரு நாய் போன இடத்துக்கு இன்னொரு நாய் வராது. ஒருத்தர் இடத்துல இன்னொருத்தரை வெக்கவே முடியாது, தங்கம். அழணும்போல இருக்கிற வரைக்கும் அழு. நானும் இங்க உக்காந்து அழுதுக்கிட்டிருக்கேன்.'"

சொல்லிவிட்டு, தன்னையறியாமல், கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். கையுறையெல்லாம் சாக்லேட். அந்தப் பெண் வந்து விழுவாள் என்று நினைத்தாள். பைத்தியக்காரி.

"அப்போ எல்லாமே நீங்க எழுதினதா?"

"ஆமா."

"அம்மா ஒண்ணும் எழுதலையா?"

"டாரின், கண்ணு..."

"ஒண்ணே ஒண்ணுகூடவா எழுதல?"

"இல்ல."

டாரின் அங்கேயே நின்றாள். பதினெட்டு வயதுப் பெண்ணின் முகத்தில் தபால் பெட்டியண்டை நின்ற அந்தக் குழந்தையின் முகம் வந்தது. ஆர்லிஸ் இத்தனை வருடம் எந்த முகத்தைப் பார்க்கப் பயந்து பொய் எழுதினாளோ அதே முகம். இப்போது அதைத் தன் வாயாலேயே வரவழைத்துவிட்டாள்.

"கண்ணு, நான் சொல்லியிருக்கக் கூடாது..."

"ஒருத்தர் இடத்துல இன்னொருத்தரை வெக்க முடியாதுன்னு உங்க கையாலயே எழுதியிருக்கீங்க" என்றாள் டாரின். குரல் உயரவே இல்லை. "அது தெரிஞ்சுமா இந்தக் கவுனைப் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னீங்க?"

குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். காகிதத் துண்டால் ஒற்றிக்கொண்டாள். அட்டைகளை நேராக அடுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

சாத்தாத கதவு வழியாக எல்லாம் கேட்டது. டாரின் சிரித்தாள். "எங்கம்மாவுக்கு ஞாபகமறதி! அது மிஸ்ட்டி பூனை செத்த வருஷம் போன்ல சொன்னது. கார்டுல என்ன எழுதினான்னு நான் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்து, அந்த நாலு வரியையும் மனப்பாடமாகச் சொன்னாள். டீச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாரோ கைதட்டினார்கள். அந்த வீட்டில் மிஸ்ட்டி என்று ஒரு பூனை இருந்ததே கிடையாது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், கேட்கிறவர்களின் மனம் குளிரும்படி அந்தப் பெண் பொய் சொன்னாள். பிறகு ஷானாவின் இடுப்பில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டாள்.

பெவ் ஐஸ் மூட்டையோடு உள்ளே வந்தாள். மூட்டையைத் தொப்பென்று தரையில் போட்டாள்.

"என்னடி இது, முகம் இப்படி இருக்கு? என்ன பண்ணிட்டா அவ?"

"அவ ஒண்ணும் பண்ணல, பெவ். நான்தான் பண்ணிட்டேன்" என்றாள் ஆர்லிஸ். கையுறையை மாற்றிக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தாள்.